நம்பியவரின் வெட்கம்

வணக்கம்.

தமிழ் வேதாகமத்தின் சங்கீதங்களை வாசித்து வளர்ந்தவன் நான். யூதர்களின் அன்றாடப் பிரார்த்தனை நூலின் மொழிபெயர்ப்பை அண்மையில் படித்தேன். ‘உம்மை நம்பினோம், எங்களை வெட்கப்பட விடாதேயும்’ என்ற பொருளுள்ள வரிகள் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. இறைவனை முழுமையாக நம்புகிறவர் மானாவமானங்களைக் கடந்தவராக அல்லவா இருக்க வேண்டும்? பிறர் ஏளனத்துக்கு அஞ்சுகிறவரின் நம்பிக்கை அரைகுறையானது இல்லையா? ‘நாங்கள் நம்பினோம், ஆகவே நீர் காப்பாற்றும்’ என்பது பேரமாகவும் ஒலிக்கிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

மானமும் அவமானமும் ஒன்றெனக் கொள்ளும் நிலை துறவிக்கு உரியது. யூதப் பிரார்த்தனையோ குடும்பமும் தொழிலும் அண்டை அயலாரும் உள்ள மனிதர்கள் கூடிநின்று சொல்வது. 25ஆம் சங்கீதத்தில் ‘என் தேவனே, உம்மை நம்பினேன்’ என்று தனியொருவர் பேசுகிறார். அன்றாடப் பிரார்த்தனையில் அதே வேண்டுதல் ‘நாங்கள்’ என்று மாறிவிடுகிறது. காலையில், ‘இஸ்ரவேலே, கேள்’ என்று தொடங்கும் ஷேமா என்ற விசுவாச அறிக்கைக்கு முன்னால் வரும் துதியில், உமது பரிசுத்தமான, மகத்தான, அச்சமூட்டும் பெயரை நம்பியிருப்பதால் நாங்கள் ஒருபோதும் வெட்கப்படாதிருப்போமாக என்று சபை முழுவதும் சொல்கிறது.

இங்கே அஞ்சப்படுவது எந்த வெட்கம் என்று பார்க்க வேண்டும். நீங்கள் 22ஆம் சங்கீதத்தை அறிந்திருப்பீர்கள். எங்கள் முன்னோர் உம்மை நம்பினார்கள், அவர்கள் வெட்கப்பட்டுப் போகவில்லை என்று அதைப் பாடுகிறவர் நினைவுகூர்கிறார். சற்றுத் தள்ளி, அவரைச் சுற்றி நிற்பவர்கள் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டி, கர்த்தரை நம்பினானே, அவர் வந்து விடுவிக்கட்டும் என்று பரிகசிக்கிறார்கள். 42ஆம் சங்கீதத்தில் பகைவர்கள் நாள்தோறும் கேட்பது ‘உன் தேவன் எங்கே?’ என்பதுதான். இந்த ஏளனம் அவருடைய வறுமையையோ குற்றத்தையோ குறிவைக்கவில்லை. அவர் நம்பினார் என்பதையே குறிவைக்கிறது. ஊரறிய ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் அவர் கைவிட்டுவிடுவாரோ என்ற பதைப்பு இருக்கும். கையெழுத்தே போடாதவர் நிம்மதியாக உறங்கலாம். ஆகவே இந்த அச்சம் நம்பிக்கையின் குறைபாடு அல்ல, நம்பிக்கை பிறர் கண்முன் வைக்கப்பட்டுவிட்டதன் விளைவு என்றே நான் கருதுகிறேன்.

பேரம் என்ற சொல்லையும் என்னால் ஏற்க இயலவில்லை. பேரம் பேசுகிறவர் கையில் ஏதேனும் ஒரு சரக்கு இருக்க வேண்டும். நான் மேலே சொன்ன காலைத் துதியின் வேண்டுதல், உம்மை நம்பிய எங்கள் முன்னோரின் பொருட்டு எங்களுக்கு இரங்கும் என்றுதான் தொடங்குகிறது. தங்கள் நம்பிக்கையை முதலில் எடுத்துவைக்கும் துணிவுகூட அவர்களுக்கு இல்லை. தவிரவும், இந்த வெட்கம் நம்பியவரோடு நின்றுவிடுவதில்லை, நம்பப்பட்டவரையும் தொடுகிறது. பொன் கன்றுக்குட்டி செய்த மக்களை அழிக்கக் கடவுள் எண்ணியபோது, கேடு செய்யவே அவர்களை வெளியே கொண்டுபோனார் என்று எகிப்தியர் சொல்லலாமா என்பது மோசே முன்வைத்த வாதங்களுள் ஒன்று. பண்டிகை நாட்களில் பாடும் ஹல்லேல் என்ற சங்கீதத் தொகுப்பில் உள்ள 115ஆம் சங்கீதம், எங்களுக்கல்ல, உமது பெயருக்கே மகிமை உண்டாகட்டும் என்று கூறிவிட்டு, ‘அவர்களுடைய தேவன் எங்கே’ என்று பிற இனத்தார் ஏன் கேட்க வேண்டும் என வினவுகிறது. உரிமையோடு வாதாடுகிறவரின் குரல் இது.

நின்றபடி சொல்லும் அமிதா என்ற மையப் பிரார்த்தனை, எருசலேம் ஆலயம் 70ஆம் ஆண்டில் அழிந்தபின் யாவ்னே என்ற ஊரில் ரப்பான் கமாலியேல் என்ற தலைவரின் முன்னிலையில் ஒழுங்குபடுத்தப்பட்டது என்று, ரப்பிகள் எனப்படும் யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. அதன் 13ஆம் துதி நீதிமான்களுக்காகவும், பக்தர்களுக்காகவும், மூப்பர்களுக்காகவும், எஞ்சியிருக்கும் அறிஞர்களுக்காகவும், யூத நெறிக்கு உண்மையாக வந்து சேர்ந்த பிற இனத்தாருக்காகவும், இறுதியில் ‘எங்களுக்காகவும்’ இரக்கம் வேண்டி, எங்கள் பங்கை அவர்களோடு வையும், உம்மை நம்பியிருப்பதால் நாங்கள் வெட்கப்படாதிருப்போம் என்று முடியும் நிலைக்கு வருகிறது. பிறந்த வீட்டையும் உறவையும் விட்டுவந்த அந்தப் புதியவரை இந்த இடத்தில் சேர்த்திருப்பது மிகப் பொருத்தமாக எனக்குப் படுகிறது. நம்பியது பொய்த்துப்போனால், திரும்பிப் போக வழியில்லாமல் ஏளனத்துக்கு ஆளாகக்கூடியவர் அவர்தானே.

மனிதர் முன்னால் ஏற்படும் சாதாரணக் கூச்சத்துக்கும் இந்த மரபு இடம் தருகிறது. உணவுக்குப் பின் சொல்லும் நன்றியுரையில், மனிதர் தரும் கொடைக்கோ கடனுக்கோ எங்களைக் கையேந்த வைக்காமல், நிறைந்து திறந்திருக்கும் உமது கையிலிருந்தே தாரும், அப்போது நாங்கள் வெட்கமும் இழிவும் அடையமாட்டோம் என்று வருகிறது. பிறர் சோற்றை உண்பவருக்குச் சோறிட்டவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கக் கூச்சமாக இருக்கும் என்ற கருத்து எருசலேம் தல்மூத்தில் உண்டு. இந்தக் கூச்சத்தைக் கடந்துவிடு என்று ரப்பிகள் உபதேசிக்கவில்லை. கூச்சம் நேராதபடி ஏற்பாடுகளை மாற்றினார்கள். முதற்கனிகளை ஆலயத்துக்குக் கொண்டுவருவோர் சொல்ல வேண்டிய வாசகத்தைத் தெரிந்தவர்கள் தாமே சொல்ல, தெரியாதவர்களுக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்து வந்தார். தெரியாதவர்கள் கூசி, கனி கொண்டுவருவதையே நிறுத்திவிட்டதால், எல்லோருக்குமே சொல்லிக்கொடுப்பது என்று விதித்தார்கள் என ரப்பிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா பதிவு செய்கிறது. அமிதாவைத் தாழ்ந்த குரலில் சொல்வதற்கும் தல்மூத் தரும் காரணங்களில் ஒன்று, அதில் தம் பாவங்களை அறிக்கையிடுவோர் அருகில் நிற்பவர் முன் வெட்கப்படக் கூடாது என்பதே. பிறரைச் சபையில் முகம் வெளுக்கச் செய்வது இரத்தம் சிந்துவதற்கு நிகர் என்று சொன்ன மரபில் இது வியப்பில்லை.

கடவுள் முன்னால் உள்ள வெட்கம் வேறு. அதை நீக்குமாறு அவர்கள் கேட்பதில்லை. தல்மூத்தின் பெராகோத் பகுதியில் 16, 17ஆம் ஏடுகளின் அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு பிரார்த்தனைகள் உள்ளன. ராவ் என்ற அறிஞர், வெட்கமும் இழிவும் இல்லாத வாழ்வைத் தாரும் என்று கேட்கிறார். அந்த வரிகளை இன்றும் அஷ்கெனாசியர் எனப்படும் நடு, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்கள் புது மாதத்தை வாழ்த்தும் ஓய்வுநாளில் சொல்கிறார்கள். ராவா என்பவரோ, உமக்கு முன்னால் நான் வெட்கமும் இழிவும் நிறைந்த பாத்திரமாக நிற்கிறேன் என்கிறார். இது யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளின் பாவ அறிக்கையோடு சேர்ந்தது. மனிதர் நடுவே தலைநிமிர்ந்து நடக்க வேண்டுகிறவரே கடவுள் முன்னால் தலைகுனிகிறார். இவ்விரண்டையும் ஒன்றாகப் பார்த்ததால்தான் உங்களுக்கு முரண் தோன்றியிருக்கலாம்.

இந்த வேண்டுதலின் கசப்பான பக்கத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. வாரநாட்களில் சொல்லும் தஹனூன் என்ற மன்றாட்டுக்கு, ஸ்பானிய மரபு யூதர்களான செபராதியர் 25ஆம் சங்கீதத்தைக் கொள்ள, அஷ்கெனாசியர் முகத்தைக் கையில் சாய்த்து 6ஆம் சங்கீதத்தைச் சொல்கிறார்கள். அது என் பகைவர் எல்லாரும் வெட்கப்பட்டுக் கலங்கட்டும் என்று முடிகிறது. அன்றாடம் அவமதிக்கப்பட்டவர்களின் வாயில் அந்த வரி எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது, ஆனாலும் அதை மென்மையான பொருள் கூறிக் கடந்துவிட முடியாது.

அதைவிடக் கடினமானது, வேண்டுதல் நிறைவேறாமல் போன காலம். 1096ஆம் ஆண்டில் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் ரைன் ஆற்றங்கரையின் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதச் சமூகங்களைக் கொன்றழித்தன. நம்பியவர்கள் கண்முன்னே வெட்கப்பட்டுப் போனார்கள் என்று பகைவர் சொல்ல இடமிருந்தது. அந்தப் படுகொலைகளுக்குப் பின் எழுந்த ‘அவ் ஹரஹமீம்’ என்ற நினைவுப் பிரார்த்தனை, 79ஆம் சங்கீதத்திலிருந்து அதே பழைய கேள்வியை எடுத்துவைக்கிறது: ‘அவர்களுடைய தேவன் எங்கே’ என்று பிற இனத்தார் ஏன் சொல்ல வேண்டும்? அஷ்கெனாசிய ஜெப ஆலயங்களில் பெரும்பாலான ஓய்வுநாட்களில் மோசேயின் நூல்களான தோராவின் வாசிப்புக்குப் பின் இது சொல்லப்படுகிறது. அதே காலையில், ஷேமாவுக்கு முன்னால், ‘உம்மை நம்பியிருப்பதால் வெட்கப்படாதிருப்போமாக’ என்ற வரியையும் அதே மக்கள் விடாமல் சொல்லிவிட்டுத்தான் அந்த இடத்துக்கு வருகிறார்கள். இதை அரைகுறை நம்பிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.