படபடப்பு எப்போது வியாதி? கேள்வி பதில்

நான் மனநல மருத்துவர் என்று தெரிந்ததும் ஆளாளுக்குக் கேட்டது சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: எனக்கு இருப்பது எல்லாருக்கும் வரும் பயமா, வைத்தியம் பார்க்க வேண்டியதா? கேட்ட வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகளுக்குப் பரீட்சை வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது, ராத்திரி தூங்குவதில்லை. டாக்டரிடம் காட்டவா?

பதில்: கடைசிப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் எப்படி இருக்கிறாள் என்று பாருங்கள். பையை மூலையில் போட்டுவிட்டுத் தோழிகளோடு கிளம்பிவிட்டால் விட்டுவிடுங்கள். வர வேண்டிய நேரத்தில் வந்த பயம், போயும் விட்டது. பரீட்சை முடிந்தால் ரிசல்ட் கவலை, ரிசல்ட் வந்தால் சீட் கவலை, சீட் கிடைத்தால் ஹாஸ்டலில் ஏதாவது ஆகிவிடுமோ என்ற கவலை என்று கிளை விட்டுக் கிளை தாவிக்கொண்டே இருந்தால் காட்டுங்கள். ஹாலுக்கே போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாலும் காட்டத்தான் வேண்டும்.

கேள்வி: எத்தனை நாள் இருந்தால் வியாதி? கணக்காகச் சொல்லுங்கள்.

பதில்: பொதுப் பதற்றக் கோளாறு என்று எழுத நாங்கள் பார்க்கும் கணக்கு 6 மாதம். அதில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள், ஒன்றைப் பற்றி மட்டுமில்லாமல் பலதைப் பற்றியும், நிறுத்த நினைத்தாலும் நிற்காத கவலை இருக்க வேண்டும். கூடவே நிலைகொள்ளாமை, சீக்கிரம் களைப்பு, கவனம் நிற்காதது, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கேடு என்ற ஆறில் பெரியவர்களுக்குக் குறைந்தது மூன்று இருக்க வேண்டும்.

அதற்காகக் காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். எவ்வளவு பயம் என்று நான் கேட்பதைவிட, பயத்தால் எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்றுதான் அதிகம் கேட்பேன். ஒருவர் வந்தார், ஊர் பேர் வேண்டாம். "பெருசா பயமெல்லாம் இல்ல சார், லேசா படபடப்பு" என்றார். பேசப் பேச ஒவ்வொன்றாக வந்தது. மேம்பாலம் வழியாகப் போவதில்லை. பஸ்ஸில் ஏறினால் உள்ளே போகாமல் படிக்கட்டுப் பக்கமே நிற்பார். மச்சான் கல்யாணத்துக்குப் போகவில்லை, மண்டபத்தில் கூட்டமாக இருக்குமாம். சட்டைப் பையிலிருந்து இதய நெஞ்சு வலிக்குப் போடும் சார்பிட்ரேட் மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் பின்பக்கம் எழுத்தெல்லாம் அழிந்து வெறும் வெள்ளித் தாளாகியிருந்தது. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை. இதய டாக்டர் யாரும் எழுதிக் கொடுத்ததும் இல்லை. அவர் சொன்ன 'லேசா' என்ற வார்த்தையை நம்புவதா, அந்த அட்டையை நம்புவதா? நான் அட்டையைத்தான் நம்பினேன்.

கேள்வி: திடீரென்று நெஞ்சு அடைக்கிறது, கை மரத்துப்போகிறது, செத்துவிடுவேன் போலிருக்கிறது. மூன்று தடவை ஈசிஜி எடுத்தும் நார்மல். வீட்டில் கேஸ் என்கிறார்கள்.

பதில்: நம் ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் முதலில் கேஸ்தான், நிஜமான மாரடைப்பையும் சோடா குடித்து ஆற்றப் பார்த்தவர்கள் உண்டு. அதனால் நெஞ்சு வலி முதல் தடவை வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதே சரி. நீங்கள் போனதில் தப்பில்லை.

இதயத்தில் கோளாறில்லை என்று டாக்டர் பார்த்து உறுதி செய்துவிட்டால், நீங்கள் சொல்வது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வரும் கடும் பீதி போல இருக்கிறது. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரலும் உதட்டோரமும் மரத்துப்போவது அதனால்தான். ஒரு தடவை வந்துவிட்டுப் போனால் அது வியாதி ஆகாது. காரணமில்லாமல் திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்போதோ என்ற பயத்திலேயே ஒரு மாதம் ஓடினால், அல்லது அதற்குப் பயந்து போக்குவரத்தையே மாற்றிக்கொண்டால், அதுதான் பேனிக் கோளாறு.

கேள்வி: மாமியார் இதை நரம்புத் தளர்ச்சி என்கிறார்.

பதில்: போஸ்டரில் இருக்கிற வியாதி அது. எங்கள் புத்தகத்தில் இல்லை.

கேள்வி: இணையத்தில் ஜிஏடி-7 என்ற பதற்றக் கேள்வித்தாளைப் போட்டுப் பார்த்தேன், 12 மதிப்பெண் வந்தது. உறுதியா?

பதில்: இல்லை. 2006-இல் வெளிவந்த ஏழு கேள்விகள் அவை. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்த மதிப்பெண் 21. பத்தோ அதற்கு மேலோ என்றால் ஒருவரிடம் நேரில் பேசுங்கள் என்று அர்த்தம். அது சல்லடை மட்டும்தான். வேலை போன வாரத்தில் போட்டால் யாருக்கும் ஏறும். நேரில் வந்தால் தைராய்டும் ரத்தசோகையும் பார்ப்போம், ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று கேட்போம், ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கிறீர்களா என்றும் கேட்போம். இவை எல்லாமே படபடப்பைத் தரும்.

கேள்வி: மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாதாமே?

பதில்: இரண்டு வகையைப் போட்டுக் குழப்புகிறீர்கள். அல்பிரசோலம் போன்றவை அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடக்கும், ஆனால் பழக்கமாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி வாங்கிப் போடவே போடாதீர்கள். நாங்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் எசிடலோபிராம், செர்ட்ராலின் மாதிரி. வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், முதல் ஓரிரு வாரம் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். "மாத்திரை ஒத்துக்கல" என்று பலர் நிறுத்துவது இந்த இடத்தில்தான். நன்றான பிறகும் பல மாதம் தொடர்ந்து, அப்புறம் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்துவோம். திடீரென்று விட்டால் தலைசுற்றும். பேச்சு வழிச் சிகிச்சையும் இதற்கு நன்றாகக் கேட்கும். சிலருக்கு அது மட்டுமே போதும்.

கேள்வி: செலவுக்கு வழியில்லை. போனாலும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

பதில்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கிளம்பத் தயக்கமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்திருந்தால் நாளை, நாளன்றைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே கூப்பிடுங்கள்.

என்ன சொல்வது என்ற கவலை வேண்டாம். ஒரு தாளை எடுத்து, போன வருஷம் சாதாரணமாகச் செய்து இப்போது செய்யாமல் விட்ட காரியங்களை எழுதிக்கொண்டு போங்கள். வாய் திறக்காமல் நீட்டினால்கூடப் போதும்.