தையல் நூலும் குடல் புற்றும் – கடிதம்

வணக்கம்.

அப்பாவுக்கு (63 வயது) நான்கு மாதம் முன்பு சிக்மாய்டு பெருங்குடலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டியெடுத்தார்கள். குடலை இணைத்த தையல் பற்றி அறுவைக் குறிப்பில் 'உள் அடுக்கு 3-0 விக்ரில் (கரையும் நூல்), வெளி அடுக்கு 3-0 பட்டு' என்றிருக்கிறது. தையல் நூலே குடலில் புற்றை உண்டாக்கும் என்று படித்தேன். பட்டு கரையாதாமே? நூலுக்குப் பதில் ஸ்டேப்ளர் (உலோகப் பின்களால் குடலை இணைக்கும் கருவி) போடச் சொல்லியிருக்க வேண்டுமோ?

எம்.

அன்புள்ள எம்.,

அந்தச் செய்தியின் வேர் 1980களில் எலிகளில் நடந்த சோதனைகள். எலிகளுக்கு டைமெத்தில்ஹைட்ரசின் போன்ற நஞ்சை வாரக்கணக்கில் ஊசியாகப் போட்டார்கள். தையலே இல்லாவிட்டாலும் பெருங்குடலில் கட்டியை வரவழைக்கும் நஞ்சு அது. குடலைத் தைத்த எலிகளில் கட்டிகள் தையல் கோட்டை ஒட்டி அதிகம் முளைத்தன. நூலுக்கு நூல் வேறுபாடும் இருந்தது. நூல் சளிச்சவ்வைத் துளைத்து நிற்கும் இடத்தில் அழற்சி நீள்கிறது, செல்கள் வேகமாகப் பிரிகின்றன, பிரியும் செல்லை நஞ்சு எளிதில் கெடுக்கிறது. 'நூல் புற்றை உண்டாக்கும்' என்று எழுதுபவர்கள் இந்த நஞ்சைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்!

மனிதரில் கவலை வேறு. கட்டியிலிருந்து உதிரும் புற்றுச் செல்கள் குடலுக்குள் உயிரோடு கிடக்கும்; தையலில் ஒட்டிக்கொள்ளலாம். பட்டு, விக்ரில் இரண்டும் பின்னல் நூல்கள், இழைகளுக்கு நடுவே செல் தங்க இடமுண்டு. பிடிஎஸ் போன்ற ஒற்றை இழையில் ஒட்டுவது குறைவு. ஸ்டேப்ளரும் விலக்கல்ல: ஆசனவாய் வழியே செலுத்தும் வட்ட ஸ்டேப்ளர், உதிர்ந்த செல்களை இணைப்புக் கோட்டுக்கே கொண்டுசேர்த்துவிடும். அதனால்தான் மலக்குடல் அறுவையில் கட்டிக்குக் கீழே கிளாம்ப் போட்டு, போவிடோன் அயோடின் கரைசலால் கழுவிவிட்டு ஸ்டேப்ளரை நுழைக்கிறார்கள். நூலா ஸ்டேப்ளரா என்று, புற்று திரும்ப வருவதை ஒப்பிட்ட ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. அதற்காக வருந்த வேண்டாம்.

விக்ரில் 56 முதல் 70 நாளில் கரைந்துவிடும், அப்பாவின் குடலில் இப்போது இருக்காது. பட்டு வெளி அடுக்கில் இருக்கிறது. நூலைவிட நோயியல் அறிக்கைதான் முக்கியம்: வெட்டு விளிம்புகளில் புற்று இல்லை என்று எழுதியிருக்கிறதா, குறைந்தது 12 நிணநீர்க் கணுக்களைப் பரிசோதித்திருக்கிறார்களா? இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் அறுவை மருத்துவரிடம் கேளுங்கள்.

சிஇஏ (புற்று திரும்பினால் ரத்தத்தில் கூடக்கூடிய புரதம்) ரத்தப் பரிசோதனை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. கொலனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) அறுவை முடிந்து ஓராண்டில். ஆனால் அறுவைக்கு முன் கட்டி அடைத்து, முழுக் குடலையும் பார்க்க முடியாமல் போயிருந்தால் ஓராண்டு காத்திருக்கக் கூடாது. 3 முதல் 6 மாதத்துக்குள், அதாவது இப்போதே, செய்ய வேண்டும். வேறிடத்தில் இன்னொரு கட்டி ஒளிந்திருக்கலாம்.

கொலனோஸ்கோபியின்போது தையல் கோட்டில் நூல் முனையைச் சுற்றிச் சிவந்த சதை முண்டு தென்படலாம். வெளி அடுக்குப் பட்டும் சில சமயம் உள்ளே எட்டிப்பார்க்கும். பெரும்பாலும் அது கிரானுலோமாதான் (நூலைச் சுற்றி அழற்சியால் வளரும், புற்றல்லாத முடிச்சு). ஆனாலும் பயாப்சி எடுக்கச் சொல்லுங்கள், கண்ணால் மட்டும் பார்த்து உறுதி சொல்ல முடியாது.