திருமணத்தை நிறுத்த வேண்டியதில்லை: மஞ்சள் காமாலை பி, கேள்வி பதில்

கோத்தகிரிப் பக்கம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் பெயர் எழுதாத சீட்டுகளைப் பெட்டியில் போடச் சொன்னேன். வந்தவற்றில் பாதி, கணவன் மனைவிக்குள் ஹெபடைட்டிஸ் பி, அதாவது கல்லீரலைத் தாக்கும் மஞ்சள் காமாலை பி வைரஸ், தொற்றுமா என்பதுதான்.

ரத்ததானம் செய்த பிறகு என்னை அழைத்து, ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்றார்கள். வயது 27. தை மாதம் திருமணம். பெண்ணிடம் சொன்னால் என் நடத்தையைச் சந்தேகிப்பார்களே, சிஸ்டர்?

சொல்லுங்கள் தம்பி, இந்த வாரமே. வளர்ந்த பிறகு இந்த வைரஸ் தொற்றினால், 100 பேரில் 95 பேருக்கு மேல் உடம்பே அதை விரட்டிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் 100இல் ஏறக்குறைய 90 குழந்தைகளுக்கு அது தங்கிவிடும். அதனால் நம் ஊரில் இந்த வைரஸோடு வாழ்பவர்களில் பெரும்பாலோர் விவரம் தெரியாத வயதில் அதை வாங்கியவர்கள். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது நாடு முழுவதும் சேர்ந்ததே 2011இல்தான். நீங்கள் பிறந்தபோது அது இல்லை. இதில் நடத்தைக்கு என்ன வேலை? பெண் வீட்டார் கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், நானே சொல்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு மூன்று ரத்தப் பரிசோதனைகள் தேவை: சர்ஃபேஸ் ஆன்டிஜென் (வைரஸ் இப்போது இருக்கிறதா), சர்ஃபேஸ் ஆன்டிபாடி (பாதுகாப்பு இருக்கிறதா), கோர் ஆன்டிபாடி (எப்போதாவது தொற்றியதா). ரத்தம் எடுத்த அன்றே முதல் தடுப்பூசியையும் போட்டுவிடலாம். அடுத்தது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது ஆறாம் மாதத்தில். கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் சர்ஃபேஸ் ஆன்டிபாடி அளவைப் பாருங்கள். 10 அல்லது அதற்கு மேல் என்றால் அவருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. தைக்குள் இது முடியாது. அந்த எண் கைக்கு வரும்வரை ஆணுறை. அவ்வளவுதான், தேதியை மாற்ற வேண்டாம். நீங்களும் கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள். உடம்பில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். மஞ்சள் கண்ணில் ஏறாமலேயே கல்லீரல் கெட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணவருக்கு பாசிட்டிவ். மூன்று ஊசியும் போட்டு எனக்கு ஆன்டிபாடி அளவு 240 வந்தது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் 8. பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம் அம்மா. ஒருமுறை 10ஐத் தாண்டிவிட்டால், பிறகு எண் இறங்கினாலும் உடம்பு அந்த வைரஸை மறப்பதில்லை. ஆரோக்கியமாக இருப்பவருக்கு மறுபடி ஊசி தேவையில்லை. டயாலிசிஸ் செய்கிறவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மூன்று ஊசிக்குப் பிறகும் 10 வரவில்லை.

சிலருக்கு அப்படி ஆகும். இன்னொரு சுற்று, மூன்று ஊசி. பெரும்பாலும் அதில் வந்துவிடும்.

அவருக்கு இருப்பது தெரியாமல் போன வாரம் ஆணுறையின்றி உறவு கொண்டோம். நான் ஊசி போட்டதே இல்லை.

இந்தச் சீட்டைத்தான் முதலில் எடுத்தேன். இன்றே கிளம்புங்கள். தடுப்பூசியோடு, தயாராக உள்ள ஆன்டிபாடியை உடம்புக்குத் தரும் ஹெபடைட்டிஸ் பி இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் தேவைப்படும். உறவு கொண்ட 14 நாட்களுக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அது எல்லா இடத்திலும் இருப்பில் இருக்காது. போன் செய்து கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

மருமகளுக்கு இருக்கிறது. தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்திருக்கிறேன். சரிதானே?

சரியில்லை. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, இருமலாலோ இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம், இவைதான் வழி. தனியாக வைக்க வேண்டியவை சவர பிளேடு, பல்துலக்கி, நகவெட்டி. காய்ந்த ரத்தக் கறையில்கூட இந்த வைரஸ் ஏழு நாள் உயிரோடு இருக்கும். தேயிலை கவ்வாத்துக் கத்தி கையில் பட்டால் காயத்தை மூடி, கத்தியைக் கழுவுங்கள். அந்த டம்ளரை இன்று மாலையே மற்ற டம்ளர்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள், அம்மா. அந்தப் பெண் அதைத் தினமும் பார்க்கிறாள்.

கீழாநெல்லி போதாதா?

போதாது. இந்த வைரஸை அது ஒழிப்பதில்லை.

நான் பாசிட்டிவ், ஏழு மாதக் கர்ப்பம். மஞ்சூர் பக்கம் வீடு.

ரத்தத்தில் வைரஸ் அளவை உடனே பாருங்கள். அதிகமாக இருந்தால் 28ஆம் வாரத்திலிருந்தே வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்பார்கள். நாட்களைக் கடத்தாதீர்கள். குழந்தை பிறந்து 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். பிரசவம் பார்க்கும் மருத்துவமனையில் இப்போதே சொல்லி மருந்தை வரவழைத்து வைக்கச் சொல்லுங்கள். வலி எடுத்து மலைப்பாதையில் கிளம்பிய பிறகு இதை நினைக்க யாருக்கும் நேரம் இருக்காது. ரிப்போர்ட்டை வண்டியில் ஏறும் பையிலேயே வையுங்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.