கல்வெட்டில் என்ன எழுதலாம்? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் ஐயா கோயிலில் கந்தபுராணப் படிப்புக்குப் பயன் (பாட்டின் பொருள்) சொன்னவர். வாதம் வந்து படுத்த அம்மாவைப் பல வருடமாகத் தனியே பார்த்தவரும் அவர்தான். அந்தியேட்டிக்கு (31ஆம் நாள் கிரியைக்கு) கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அடிக்கிறோம். அண்ணா எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் கோயில் பணி ஒரு பக்கம். அம்மாவைப் பார்த்தது ஒரே வரி. எப்படித் திருத்துவது? (வாசகி, கோண்டாவில்)

பதில்: அந்த ஒரு வரி ‘பாரியாரைக் கண்ணிமைபோல் காத்து’ என்றுதான் இருக்கும். பெயரை மாற்றினால் ஊரில் எந்தக் கல்வெட்டுக்கும் பொருந்துகிற வரி அது. வெட்டிவிட்டு, ஐயா செய்த வேலையை எழுதுங்கள். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிக் கிடத்தினாரா? இரவிலும் எழும்பினாரா? விழுங்கக் கஷ்டப்பட்டவருக்குக் கஞ்சியைத் தடிப்பாகக் காய்ச்சி, நிமிர்த்தி இருத்திப் பருக்கி, புரையேறாமல் இருக்க அரை மணித்தியாலம் படுக்கவிடாமல் வைத்திருந்தாரா? குளிசைகளை நேரத்துக்குப் பிரித்து வைத்தது யார்? பிள்ளைகள் பகலில் வேலைக்குப் போயிருப்பீர்கள். பக்கத்து வீட்டாரையும் வந்துபோன தாதியையும் கேளுங்கள், கண்டவர்கள் அவர்கள்தான்.

கிடைத்ததை இப்படிக் கோக்கலாம்: ‘காலை நாலரைக்கு எழும்பி, அம்மாவுக்கு உடம்பு துடைத்து, உடுப்பு மாற்றி, கஞ்சி பருக்கிய பிறகே பூசைக்குப் பூ ஆய்வார். புராணப் படிப்புக் காலத்தில் மாமி வந்து அம்மாவோடு இருப்பா. பயன் சொல்லி முடிந்ததும் கதைத்துக்கொண்டு நில்லாமல் வீட்டுக்கு வந்துவிடுவார்.’ கோயிலும் வீடும் ஒரே பந்தியில் வந்துவிடும். பக்தியைத் தனிப் பக்கத்திலும் பணிவிடையைத் தனி வரியிலும் பிரித்து வைப்பதுதான் இத்தகைய குறிப்புகளைக் கெடுக்கிறது.

மலசலம், புண் போன்ற விபரங்கள் வேண்டாம். அம்மா இருக்கிறார் என்றால் அச்சுக்குப் போகுமுன் வாசித்துக் காட்டுங்கள். பேச்சு வராவிட்டாலும், வேண்டாம் என்று தலையாட்ட அவருக்கு இடம் இருக்க வேண்டும்.

கேள்வி: அப்பா ரொறன்ரோவில் தவறினார். இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவுக்கு எந்த நாளைக் கொடுப்பது? சிவசுந்தரம் என்ற பெயர் வெண்பாவில் அடங்காது என்கிறார் புலவர். உண்மையா? (வாசகர், ஸ்காபரோ)

பதில்: திகதியை மட்டும் கொடுத்தால் பிழையாகிவிடும், உயிர் பிரிந்த நேரத்தையும் ஊரையும் கொடுங்கள். தை மாதத்தில் ரொறன்ரோ இரவு 9 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை 7.30. கோடையில் அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்துவதால் வித்தியாசம் 9½ மணித்தியாலம். ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பவர் கனடா நேரத்தை அப்படியே வைத்துப் பார்த்தால் திதி ஒன்று தள்ளிப்போகலாம். உங்கள் வீட்டில் பார்ப்பது வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்பதையும் சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் திதி முடிகிற நேரம் வேறுபடும். வெண்பாவில் பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை) என்பது விடுபட்டால் ஆண்டுத் திவசத்துக்கு அது உதவாது.

பெயர் விஷயத்தில் புலவர் சொன்னது சரி. சிவசுந்தரம் என்பதை அசை பிரித்தால் நிரை நேர் நிரை, அதாவது புளிமாங்கனி என்ற சீர். இப்படி நிரையில் முடிகிற மூவசைச் சீரான கனிச்சீர் வெண்பாவுக்கு ஆகாது. ‘சிவசுந் தரனார்’ என்று இரண்டு சீராகப் பிரித்தால், மாச்சீர் முன் நிரை வந்து தளை (சீர்களின் இணைப்பு) தட்டாது.

கேள்வி: பிரிவுத் துயரைப் பாடும் புலம்பல் பாக்கள் கட்டாயமா?

பதில்: இல்லை. ‘மக்கள் புலம்பல்’ என்று யாரோ எழுதிக் கொடுப்பதைவிட, பிள்ளைகள் ஆளுக்கு நாலு வசனம் எழுதலாம். பஞ்சபுராணத்தையும் (ஐந்து திருமுறைப் பாடல்கள்) சிவபுராணத்தையும் விடாதீர்கள். அன்றைக்குப் பாடப் புத்தகம் தேடுபவர்கள் கல்வெட்டைத்தான் விரிப்பார்கள்.

கேள்வி: அச்சகத்துக்குக் கொடுக்குமுன் எதைக் கவனிப்பது?

பதில்: நடுவில் கம்பி அடிக்கிற புத்தகம் என்றால் பக்கங்கள் நாலின் மடங்காக வர வேண்டும். 18 பக்கத்துக்கு எழுதினால் 20 ஆகும், இரண்டு வெற்றாகக் கிடக்கும். வட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கியிருக்கும், அச்சில் கலங்கும். பழைய படத்தை 300 டிபிஐயில் ஸ்கான் செய்யுங்கள். வம்சவழியை இரு பக்கத்தாரில் ஒவ்வொருவர் பார்த்துக் கையெழுத்திடட்டும். மருமகள் பெயர் விடுபட்டு, 31ஆம் நாள் பந்தியிலேயே மனத்தாங்கல் வந்த வீடுகள் உண்டு. ஒரு பிரதியை, ஈழத்து நூல்களை இணையத்தில் ஆவணப்படுத்தும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். நினைவு மலர்களையும் அவர்கள் எண்ணிம வடிவில் சேர்த்து வைக்கிறார்கள்.