அந்தப் பத்து நிமிடத்தை விடாதீர்கள்

அப்பாவுக்கு மறதி நோய் வந்துவிட்டதோ என்ற பயம்தான் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. ராக்கெட் என்ஜின் சோதனைப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 72 வயதில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரை மறக்கிறார், கண்ணாடியைத் தேடுகிறார். இது சகஜம். பழகிய வழியில் தொலைந்து போவது, தினமும் செய்யும் வேலையை எப்படிச் செய்வது என்று திகைப்பது, இதெல்லாம் இருந்தால் கவலைப்படலாம். வீட்டு வரவு செலவை இன்னமும் அவர்தான் பிழையில்லாமல் பார்க்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என் கவலை வேறு. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: போன மாதம் சாப்பிடும்போது வலது கை துவண்டு ஸ்பூன் நழுவியது, பேச்சு குழறியது, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. "தானாகச் சரியானதுக்கு டாக்டர் எதுக்கு?" என்று அப்பா மறுத்துவிட்டாராம்.

களைப்பு என்று இதை ஒதுக்கக் கூடாது. இல்லை என்று உறுதியாகும் வரை தற்காலிகப் பக்கவாதம் என்றே கொள்ள வேண்டும். வலது கையும் பேச்சும் ஒன்றாகத் தடுமாறினால், மூளையின் இடப்பக்கத்துக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டிருக்கலாம். கழுத்து ரத்தக்குழாயில் படிந்த கொழுப்போ, ஒழுங்கின்றித் துடிக்கும் இதயத்தில் உண்டான ரத்தக் கட்டியோ காரணமாக இருக்கலாம். முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து முதல் இரண்டு நாளில்தான் மிக அதிகம். அது கடந்துவிட்டது, ஆனால் காரணம் இன்னும் உள்ளேயே இருக்கலாம்.

அப்பாவிடம் இதைக் கேளுங்கள். சோதனை மேடையில் அழுத்த அளவு ஒரு நொடி தாறுமாறாகி, தானாகவே இயல்புக்கு வந்திருந்தால், காரணம் தெரியாமல் அடுத்த சோதனைக்குக் கையெழுத்துப் போட்டிருப்பாரா?

நாளைக்கே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மூளைக்கு எம்.ஆர்.ஐ., கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்), ஈ.சி.ஜி., சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்ப்பார்கள். ஒழுங்கற்ற துடிப்பு வந்து வந்து போகும் என்பதால், ஒருமுறை எடுத்த ஈ.சி.ஜி. நன்றாக இருந்தாலும் கூடுதல் நேரம் பதிவு செய்யச் சொல்லலாம்.

மறுபடி வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, சரியாகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். இதை அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள், பகலில் அப்பாவுடன் இருப்பது அவர்தானே.

அப்புறம், இணையத்தில் படித்துவிட்டு அப்பா தினமும் ஆஸ்பிரின் போடுகிறார், கூடவே ஞாபக சக்தி மாத்திரை என்று ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரையும் சாப்பிடுகிறார். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பக்கவாதம் அடைப்பாலும் வரும், ரத்தக்கசிவாலும் வரும். எது என்று ஸ்கேன்தான் சொல்லும். கசிவு என்றால் ஆஸ்பிரின் நிலைமையை மோசமாக்கலாம். ஜிங்கோ ஞாபக சக்தியைக் காப்பாற்றும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்தும் கூடலாம். ஜிங்கோவை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஆஸ்பிரினைத் தொடர்வதா என்பதை நாளை மருத்துவர் முடிவு செய்யட்டும், மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதுபோல் ஒரு நாளைக்கு எட்டு முறை ரத்த அழுத்தம் பார்த்து அட்டவணை போட வேண்டாம், காலையும் மாலையும் போதும். கூப்பிட்டால் அப்பா பதில் சொல்வதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள், அது பெரும்பாலும் காது விஷயம். என்ஜின் இரைச்சலில் வருடக்கணக்காக இருந்தவர்களுக்கு உயர் அதிர்வெண் ஒலிகள் முதலில் கேட்காமல் போகும். பேச்சு காதில் விழும், சொல் புரியாது. நரம்பியல் பரிசோதனைகள் முடிந்ததும் செவித்திறன் சோதனை செய்து, தேவையானால் கருவி பொருத்துங்கள்.