பக்கத்து ஃபீடரில் ஷார்ட், நம் பிரேக்கர் ஏன் விழுகிறது?

கேள்வி: ஒரே பஸ்பாரிலிருந்து (எல்லா லைன்களும் சேரும் பொது மின்தண்டு) இரண்டு 11 கே.வி. ஃபீடர்கள் (மின்வழிகள்). முதலாவதில் 3 எம்.வி.ஏ. டர்பைன் ஜெனரேட்டரை இணைத்ததிலிருந்து, இரண்டாவதில் ஷார்ட் ஆனால் முதலாவதின் பிரேக்கரும் விழுகிறது. பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் ரிலே இரண்டுக்கும் பிக்கப் (இயங்கத் தொடங்கும் கரண்ட்) 300 ஆம்பியர். டைம் மல்டிபிளையர் (இயங்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் பெருக்கி) முதலாவதுக்கு 0.05, மற்றதற்கு 0.2. பஸ்பார் அருகே ஃபால்ட் கரண்ட் சுமார் 6,000 ஆம்பியர். டைரக்‌ஷனல் ரிலே (கரண்டின் திசையையும் பார்ப்பது) வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ரிலேயில் கோளாறு இல்லை. ஓவர்கரண்ட் ரிலே கரண்டின் அளவை மட்டும்தான் பார்க்கும், திசையை அல்ல. பக்கத்து ஃபீடரில் ஷார்ட் ஆனதும் உங்கள் ஜெனரேட்டர் முதல் ஃபீடர் வழியே பின்னோக்கி, பஸ்பாரைத் தாண்டி அந்தப் பழுதுக்குக் கரண்ட் கொடுக்கிறது.

கணக்குப் போட்டால் தெளிவாகும். ஜெனரேட்டரின் முழுச்சுமை கரண்ட் 157 ஆம்பியர். அதன் ரியாக்டன்ஸ் (கரண்ட்டைத் தடுக்கும் எதிர்ப்பு) 15%, அதை லைனுடன் இணைக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு 6% என்று கொண்டால், ஷார்ட்டின்போது சுமார் 750 ஆம்பியர் வரும். பிக்கப்பைப்போல் இரண்டரை மடங்கு. ஸ்டாண்டர்டு இன்வர்ஸ் வளைவில் (கரண்ட் கூடக்கூட நேரம் குறையும்) முதல் ரிலே 0.38 வினாடியில் இயங்கிவிடும். பழுதுள்ள ஃபீடரின் ரிலேக்கோ 0.45 வினாடி பிடிக்கிறது. முந்திக்கொண்டவர் தவறானவர், அவ்வளவுதான்.

முதலாவதின் மல்டிபிளையரை 0.1 ஆக்குங்கள். இயங்கும் நேரம் 0.76 வினாடியாகும், தேவையான 0.3 வினாடி இடைவெளி கிடைத்துவிடும். அந்த ஃபீடரிலேயே ஷார்ட் ஆனாலும் 0.23 வினாடியில் விழும், இன்கமருடன் (பஸ்பாருக்கு மின்சாரம் கொண்டுவரும் பிரேக்கர்) மோதாது. பழுது தொலைவில் இருந்தால்? பஸ்பார் வோல்டேஜ் அதிகம் சரியாது, ஜெனரேட்டர் கொடுப்பதும் குறைந்துவிடும். ஆபத்து அருகிலுள்ள பழுதில்தான்.

இன்னொரு பெரிய ஜெனரேட்டர் சேரப்போகிறது என்றால் டைரக்‌ஷனல் ரிலே அவசியம். அப்போதும் வோல்டேஜ் மெமரி (பழுதுக்கு முந்தைய வோல்டேஜை நினைவில் வைப்பது) உள்ளதையே கேட்டு வாங்குங்கள்: பஸ்பார் அருகே மூன்று ஃபேஸும் ஷார்ட் ஆனால் வோல்டேஜ் கிட்டத்தட்ட பூஜ்யமாகி, ரிலே திசையை ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

சோலார் இன்வர்ட்டர் என்றால் இந்தத் தொல்லை குறைவு. அது பெரும்பாலும் முழுச்சுமையின் 1.1 முதல் 1.5 மடங்குக்கு மேல் கொடுக்காது. ஆனால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் சுருள்களின் இணைப்பு லைன் பக்கம் எர்த் செய்த ஸ்டாராகவும் மறுபக்கம் டெல்டாவாகவும் இருந்தால், எர்த் ஃபால்ட் ரிலே (தரைக்குப் பாயும் கரண்ட்டைப் பார்ப்பது) இதே தவறைச் செய்யும்.

ஆட்டோ ரீகுளோஸ் (விழுந்த பிரேக்கரைத் தானே மீண்டும் மூடும் வசதி) இருக்கிறதா என்றும் பாருங்கள். கிரிட்டிலிருந்து துண்டிக்கப்பட்டுத் தனித்தீவாகிவிட்ட ஜெனரேட்டர் விலகிக்கொள்ள, ஜெனரேட்டர்களை கிரிட்டுடன் இணைப்பதற்கான ஐ.இ.இ.இ. 1547 தரம் 2 வினாடி வரை அனுமதிக்கிறது. ரீகுளோஸ் அரை வினாடியிலேயே மூடினால் ஃபேஸ் பொருந்தாமல் டர்பைன் ஷாஃப்ட் அடிவாங்கும். லைனில் வோல்டேஜ் இல்லை என்று உறுதிசெய்த பிறகே மூடும் இன்டர்லாக் போடும்வரை ரீகுளோஸை அணைத்து வையுங்கள்.