ஒரே கீபோர்டு மவுஸ்ல ரெண்டு கம்ப்யூட்டர் ஓட்ட ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கா?
விண்டோஸ் லேப்டாப் ஒண்ணு, லினக்ஸ் டெஸ்க்டாப் ஒண்ணு, மேசைல ரெண்டு கீபோர்டு வைக்க எடமில்லனு கேட்டிருக்கீங்க. இருக்குங்க, காசு குடுத்து ஸ்விட்ச் பாக்ஸ்லாம் வாங்காதீங்க. டெஸ்க்ஃப்ளோ போடுங்க, ஃப்ரீதான், ஓப்பன் சோர்ஸ், மேக்லயும் ஓடும். தண்டையார்பேட்டைல எங்க டிடிபி கடைல இதத்தான் வச்சிருக்கோம், கீபோர்டு மாட்டியிருக்க மெஷின சர்வர்னு வைங்க, இன்னொன்ன கிளையன்ட்னு வச்சு சர்வரோட ஐபி அட்ரஸ அதுல போடுங்க, எந்த ஸ்க்ரீன் எந்தப் பக்கம்னு சொல்லிட்டா மவுஸு ஓரத்துக்கு போனதும் அந்தாண்ட மானிட்டருக்கு தாவிடும், இங்க காப்பி பண்ணத அங்க பேஸ்ட்டும் பண்ணலாம். ஸ்க்ரீன்ல தெரியுற படம் இன்னொரு மெஷினுக்கு போவாது, அதனால ஒவ்வொரு மானிட்டரும் அததோட மெஷின்லயே இருக்கணும்.

ரெண்டும் ஒரே வைஃபைல இருந்தும் கனெக்ட் ஆவலன்னா மொதல்ல ஃபயர்வால்ல 24800 போர்ட்ட தொறங்க. டிஎல்எஸ்ஸ (போற டேட்டாவ வேற யாரும் படிக்க முடியாம பூட்டுற செட்டிங்) மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க, நீங்க அடிக்கிற பாஸ்வேர்டெல்லாம் நெட்வொர்க் வழியாத்தான் போவுது.

இதே வேலைக்கு பேரியர்னு ஒரு சாஃப்ட்வேர சொல்லுவாங்க, அது நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப பராமரிப்பு இல்ல. ரெண்டுமே விண்டோஸ்னா மைக்ரோசாஃப்டோட ஃப்ரீ டூல் தொகுப்பு பவர்டாய்ஸ்ல இருக்க மவுஸ் வித்தவுட் பார்டர்ஸே போதும், 4 மெஷின் வரைக்கும் சேக்கலாம்.